பீட்டா செல்லுக்குள் ஒரு வாயு

கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினை எப்போது, எவ்வளவு வெளியே விட வேண்டும் என்பதில் கை வைக்கும் பொருள்களில் ஒன்று நைட்ரிக் ஆக்சைடு. ஒரு நைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த சின்னஞ்சிறு வாயு மூலக்கூறு அது. மின்னல் வெட்டும்போது காற்றில் உருவாகும். வாகனப் புகையிலும் இருக்கும். வலி தெரியாமல் இருக்கப் பல் மருத்துவர்கள் சுவாசிக்கக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு இதிலிருந்து வேறான பொருள். நைட்ரிக் ஆக்சைடில் ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்று இருப்பதால், அருகில் இரும்போ கந்தகமோ ஆக்சிஜனோ கிடைத்தால் உடனே வினைபுரிந்துவிடும். உடலின் திசுக்களில் அதன் ஆயுள் சில நொடிகள்தான். ஹார்மோன்களைப் போல அதைப் பையில் கட்டிச் சேமித்து வைக்க வழியில்லை. செல் சவ்வு அதற்குத் தடையே இல்லை. உருவான இடத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் கசிந்து பரவும். ஆகவே உடல் அதைக் கட்டுப்படுத்த ஒரே வழி, எங்கே, எந்த நேரத்தில், எவ்வளவு உற்பத்தி செய்வது என்பதைக் கட்டுப்படுத்துவதுதான். இன்சுலின் சுரப்பில் நைட்ரிக் ஆக்சைடின் கதை முழுவதும் இந்த மூன்று கேள்விகளைச் சுற்றியே நகர்கிறது.

பீட்டா செல்கள் இருப்பது லாங்கர்ஹான்ஸ் திட்டுகளில். 1869-இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், கணையத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, செரிமானச் சாறு சுரக்கும் செல்களுக்கு நடுவே தனித்தனிக் கொத்துகளாக வேறு வகைச் செல்கள் கிடப்பதைக் கண்டு எழுதி வைத்தார். அவற்றின் வேலை என்ன என்பது அவருக்குத் தெரியாது. மனிதக் கணையத்தில் இத்தகைய திட்டுகள் ஏறக்குறைய பத்து லட்சம் இருக்கின்றன. ஆனாலும் கணையத்தின் எடையில் அவற்றின் பங்கு 1 முதல் 2 சதவீதம் மட்டுமே. திட்டில் உள்ள செல்களில் பாதிக்கு மேற்பட்டவை பீட்டா செல்கள்.

சாப்பிட்டபின் ரத்தத்தில் குளுக்கோஸ் கூடுகிறது. அது பீட்டா செல்லுக்குள் தடையின்றி நுழைகிறது. உள்ளே அதை முதலில் கையில் எடுப்பது குளுக்கோகைனேஸ் என்னும் நொதி. இந்த நொதிக்கு ஒரு விசேஷம் உண்டு. மற்ற பெரும்பாலான திசுக்களில் இதே வேலையைச் செய்யும் நொதிகள் மிகக் குறைந்த சர்க்கரையிலேயே முழுவீச்சில் இயங்கிவிடும். குளுக்கோகைனேஸோ ரத்தச் சர்க்கரை ஏற ஏற வேகம் கூட்டிக்கொண்டே போகும். டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமை ஒட்டிய அளவில்தான் அதன் பாதி வேகத்தை எட்டும். அதனால் அதைப் பீட்டா செல்லின் சர்க்கரைமானி என்றே சொல்வார்கள். அதன் கை பட்ட குளுக்கோஸ் சிதைந்து மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய் ஏடிபி ஆற்றலாகிறது. ஏடிபி கூடியதும் சவ்வில் உள்ள ஒருவகைப் பொட்டாசியம் வாயில்கள் மூடிக்கொள்கின்றன. செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது. கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே பாய்கிறது. இன்சுலின் நிறைந்த நுண்துகள்கள் சவ்வோடு ஒட்டி வெடித்து இன்சுலினை ரத்தத்தில் விடுகின்றன. சர்க்கரை நோயாளிகள் பலர் விழுங்கும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகள் மூடுவது இந்தப் பொட்டாசியம் வாயில்களைத்தான். இந்தச் சங்கிலியின் பல கண்ணிகளில் நைட்ரிக் ஆக்சைடு வந்து கை வைக்கிறது.

ஒரு நச்சு வாயு உடலுக்குள் செய்தி சொல்லும் பொருளாக இருக்கக்கூடும் என்பதை மருத்துவ உலகம் நம்பவே நாளானது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மருந்து 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே புழக்கத்தில் இருந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. 1977-இல் ஃபெரிட் முராத், அத்தகைய மருந்துகள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டு, குவானிலேட் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்டுவதன் மூலம் ரத்த நாளத் தசையைத் தளர்த்துகின்றன என்று காட்டினார். நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் வேறொரு புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முயலின் பெருந்தமனித் துண்டில் அசிட்டைல்கோலினை விட்டால் சில நேரம் சுருங்கியது, சில நேரம் தளர்ந்தது. துண்டை வெட்டித் தயார் செய்யும்போது உள்பக்கம் விரலிலோ வேறு பரப்பிலோ உரசினால், நாளத்தின் உள்ளே படிந்திருக்கும் ஒற்றைச் செல் அடுக்கு உரிந்துபோகிறது. அடுக்கு போன துண்டு தளர்வதில்லை. இதை அவர் 1980-இல் வெளியிட்டார். அந்த அடுக்கு ஏதோ ஒரு தளர்த்திப் பொருளைச் சுரக்கிறது என்பது உறுதியானது. அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடே என்பதை 1980-களின் பிற்பகுதியில் லூயி இக்னாரோவும், பிரிட்டனில் சால்வடோர் மொன்காடாவின் குழுவும் நிறுவினார்கள். ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

உடலில் இந்த வாயுவைத் தயாரிப்பவை நைட்ரிக் ஆக்சைடு சிந்தேஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்த மூன்று நொதிகள். அர்ஜினின் என்ற அமினோ அமிலமும் ஆக்சிஜனும்தான் மூலப்பொருள்; சிட்ருலினும் நைட்ரிக் ஆக்சைடும் விளைபொருள். முதல் நொதி முதன்முதலில் நரம்புத் திசுவில் கண்டறியப்பட்டதால் நரம்பு வகை எனப்படுகிறது. இரண்டாவது ரத்த நாள உள்படலத்தில் இருக்கிறது. இவ்விரண்டும் செல்லுக்குள் கால்சியம் ஏறும்போது மட்டும் சிறிதளவு வாயுவைத் தந்துவிட்டு அடங்கிவிடும். மூன்றாவது நொதி சாதாரண நாட்களில் பெரும்பாலான செல்களில் இருக்கவே இருக்காது. கிருமித் தொற்று, அழற்சி என்று அபாயச் செய்தி வந்தால் மட்டும் அதன் மரபணு விழிக்கும். உருவானபின் கால்சியம் ஏறினாலும் இறங்கினாலும் கவலைப்படாமல் மணிக்கணக்கில், நாள்கணக்கில் வாயுவைக் கொட்டிக்கொண்டே இருக்கும். முதலிரண்டும் தரும் அளவுக்கும் மூன்றாவது கொட்டும் அளவுக்கும் இடையே பல மடங்கு வித்தியாசம். பீட்டா செல்லில் முதல் வகை எப்போதும் இருக்கிறது. இரண்டாவது, திட்டுக்குள் ஓடும் ரத்த நுண்குழாய்களில் இருக்கிறது. மூன்றாவது வராமல் இருப்பதே நல்லது.

பீட்டா செல்லுக்கும் நைட்ரிக் ஆக்சைடுக்கும் உள்ள உறவைப் பற்றிய தேடல் அர்ஜினினிலிருந்து கிளம்பியது. அர்ஜினினை நரம்பில் செலுத்தினால் இன்சுலின் சுரப்பு கூடுகிறது என்பது 1960-களிலேயே தெரிந்திருந்தது. பீட்டா செல்களின் திறனை அளக்க இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். நைட்ரிக் ஆக்சைடு அர்ஜினினிலிருந்து பிறக்கிறது என்று தெரிந்ததும், அந்த வாயுதான் இன்சுலினை வெளியே தள்ளுகிறதோ என்ற கேள்வி எழுந்தது. முராத் இடம்பெற்ற ஒரு குழு 1992-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஆம் என்று எழுதியது. அதே ஆண்டில் எலித் திட்டுகளை வைத்துச் சோதித்த வேறு ஆய்வாளர்கள், இன்சுலின் சுரப்பைத் தொடங்கிவைப்பதில் அதற்குப் பங்கே இல்லை என்றார்கள். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களோ மூன்றாவது விடையைச் சொன்னார்கள்: நைட்ரிக் ஆக்சைடு இன்சுலின் சுரப்பைத் தடுக்கிறது, அதன் உற்பத்தியை நிறுத்தினால் அர்ஜினினுக்குக் கிடைக்கும் இன்சுலின் இன்னும் கூடுகிறது.

ஒரே கேள்விக்கு மூன்று விடைகள் வந்ததன் காரணம் பெரும்பாலும் சோதனை முறையிலேயே இருந்தது. திட்டுகளைப் பிரித்தெடுக்க எலியின் கணையத்துக்குள் கொலாஜனேஸ் என்ற நொதிக் கரைசலைச் செலுத்தி, உடல் வெப்பத்தில் வைத்து இணைப்புத் திசுவைக் கரைக்கிறார்கள். பிறகு நுண்ணோக்கியின் அடியில், கடுகிலும் சிறிய வெளிறிய உருண்டைகளாகத் தெரியும் திட்டுகளை மெல்லிய குழாயால் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்துக் கிண்ணத்தில் சேர்க்கிறார்கள். கிண்ணத்தில் குளுக்கோஸையோ அர்ஜினினையோ விட்டு, குறிப்பிட்ட நேரம் கழித்துச் சுற்றியிருக்கும் திரவத்தில் எவ்வளவு இன்சுலின் சேர்ந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். நைட்ரிக் ஆக்சைடு சிந்தேஸை முடக்குவதற்கு அர்ஜினினைப் போலவே தோற்றம் கொண்ட ஒரு வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான். அர்ஜினினுக்கு நேர்மின்னூட்டம் உண்டு. செல்லுக்குள் நுழைந்தாலே மின்னழுத்தத்தை மாற்றி, எந்த வாயுவின் உதவியும் இல்லாமல் கால்சியம் வாயில்களைத் திறந்துவிடும். எனவே அர்ஜினினால் இன்சுலின் கூடியது என்பதை வைத்து நைட்ரிக் ஆக்சைடைப் பற்றி ஒன்றும் முடிவு கட்ட முடியாது. முடக்கும் பொருள்களிலும் ஒரு பொறி இருந்தது. பிரான்ஸின் மாம்பெல்லியே நகர ஆய்வாளர்கள் 2001-இல் பீட்டா செல்லின் நொதி நரம்பு வகையைச் சேர்ந்தது என்றும், அது பெரும்பாலும் இன்சுலின் துகள்களை ஒட்டியே இருக்கிறது என்றும் காட்டினார்கள். அந்த நொதிக்கு நைட்ரிக் ஆக்சைடு தயாரிப்பதோடு, எலக்ட்ரான்களை வேறொரு புரதத்துக்குக் கைமாற்றும் இரண்டாவது வேலையும் உண்டு. வழக்கமான தடுப்புப் பொருள் முதல் வேலையை நிறுத்தும், இரண்டாவதைத் தொடாது. நொதியையே அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அதில் ஒரு பாதியை மட்டும் அணைத்த சோதனைகள் முரணான விடைகளைத் தந்ததில் வியப்பில்லை.

இந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது நம்பத்தகுந்த சித்திரம் ஒன்று உருவாகிறது. அது அளவைப் பொறுத்தது. வெளியிலிருந்து நைட்ரிக் ஆக்சைடை மிகக் குறைந்த அளவில் கொடுத்தால், குளுக்கோஸ் தூண்டும் இன்சுலின் சுரப்பு சற்றுக் கூடுகிறது. அளவைக் கூட்டினால் சுரப்பு விழுகிறது.

குறைந்த அளவு எப்படி உதவுகிறது என்பதற்கு இரண்டு வழிகள் தெரிய வந்துள்ளன. ஒன்று, ரத்த நாளத்தில் நடப்பதைப் போன்றது: வாயு குவானிலேட் சைக்ளேஸின் நடுவிலுள்ள இரும்பில் ஒட்டி அதைத் தூண்டுகிறது, சுழற்சி ஜிஎம்பி என்ற செய்திப் பொருள் கூடுகிறது, இன்சுலின் துகள்கள் வெளியேறத் தோதான நிலை செல்லுக்குள் உண்டாகிறது. இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் ரிஸ்ஸோவும் டேவிட் பிஸ்டனும் 2003-இல், குளுக்கோகைனேஸில் ஒரு பகுதி இன்சுலின் துகள்களின் மேல், நரம்பு வகைச் சிந்தேஸோடு ஒட்டிக்கொண்டு சும்மா கிடப்பதைக் கண்டார்கள். செல் தூண்டப்பட்டதும் பக்கத்திலேயே நைட்ரிக் ஆக்சைடு பிறக்கிறது. அது குளுக்கோகைனேஸின் கந்தகம் தாங்கிய ஓரிடத்தில் போய் ஒட்டுகிறது. ஒட்டியவுடன் நொதி துகளைவிட்டு விடுபட்டு, செல் திரவத்தில் கலந்து வேலையில் இறங்குகிறது. சில நொடிகளே வாழும் ஒரு வாயு குறிப்பிட்ட ஒரு புரதத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்ற கேள்விக்கு இது அழகான பதில்: தயாரிக்கும் நொதியும் இலக்கான நொதியும் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. இன்சுலினை வெளியேற்ற உள்ளே வரும் அதே கால்சியம்தான் சிந்தேஸையும் எழுப்புகிறது. அதனால் பீட்டா செல்லின் சர்க்கரைமானி, செல்லின் வேலைப்பளுவுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ள முடிகிறது.

அளவு கூடும்போது நைட்ரிக் ஆக்சைடு மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்குகிறது. அங்கே ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசி நொதியான சைட்டோகுரோம் ஆக்சிடேஸில், ஆக்சிஜன் அமர வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது. அக்கோனிட்டேஸ் என்ற இன்னொரு நொதியில் இருக்கும் இரும்பு–கந்தகக் கொத்தையும் சிதைக்கிறது. இரண்டாலும் ஏடிபி உற்பத்தி குறைகிறது. பீட்டா செல்லுக்கு ஏடிபி வெறும் எரிபொருள் அல்ல. சர்க்கரை ஏறிவிட்டது என்பதற்கான அறிவிப்பே அதுதான். ஏடிபி ஏறாவிட்டால் பொட்டாசியம் வாயில்கள் மூடாது, கால்சியம் வராது. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் பீட்டா செல் இன்சுலினை விடாமல் இருந்துவிடும்.

இவற்றோடு ரத்த ஓட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கணையத்தின் எடையில் மிகச் சிறு பங்கே வகிக்கும் திட்டுகளுக்கு, கணையத்துக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போகிறது. அந்தத் தாராளமான ஓட்டத்தைக் காப்பதில் உள்படல வகை நொதி சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடுக்குப் பெரும் பங்கு உண்டு. எலிகளில் அதன் உற்பத்தியைத் தடுத்தபோது திட்டுகளின் ரத்த ஓட்டம் வெகுவாகக் குறைந்தது. கிண்ணத்தில் கிடக்கும் திட்டில் ரத்தமே ஓடாது; ஆகவே கிண்ணச் சோதனைகளில் இந்தப் பகுதி தெரிய வாய்ப்பில்லை. உயிருள்ள விலங்கிலும் கிண்ணத்திலும் விடைகள் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நைட்ரிக் ஆக்சைடின் கொடிய முகம் தெரிந்தது முதல் வகைச் சர்க்கரை நோய் ஆய்வுகளில். இந்த நோயில் உடலின் எதிர்ப்புச் செல்களே திட்டுகளுக்குள் புகுந்து பீட்டா செல்களை அழிக்கின்றன. அவை சுரக்கும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் பொருள் இன்சுலின் சுரப்பை முடக்கிச் செல்களைக் கொல்லும் என்பதை 1980-களில் டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். எப்படி முடக்குகிறது என்பது 1990-க்குப் பின் துலங்கியது. இன்டர்லூக்கின் பட்டதும் பீட்டா செல்லுக்குள் உறங்கிக் கிடந்த மூன்றாவது வகைச் சிந்தேஸின் மரபணு விழித்துக்கொள்கிறது. செல் தன் கையாலேயே நைட்ரிக் ஆக்சைடை வெள்ளமாகக் கொட்டித் தன் மைட்டோகாண்ட்ரியாவையே நிறுத்துகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜான் கார்பெட், மைக்கேல் மெக்டானியல் ஆகியோர் செய்த சோதனைகளில், அந்த நொதியைத் தடுத்தால் எலித் திட்டுகள் இன்டர்லூக்கினையும் மீறி இன்சுலின் சுரந்தன. வாயுவின் உற்பத்தியை ஒருநாள் அளவில் நிறுத்திவிட்டால் திட்டுகள் புதுப் புரதங்களைத் தயாரித்துச் சேதத்தைச் சரிசெய்து மீண்டும் இன்சுலின் சுரந்தன. ஒன்றரை நாள் நீடித்தால் மீட்சி இல்லை. செல்லுக்குள் கால்சியத்தைச் சேமித்து வைக்கும் உள்சவ்வுப் பின்னலும் நைட்ரிக் ஆக்சைடால் வறண்டுபோகிறது. புரதங்களைச் சரியாக மடிக்க முடியாமல் திணறும் செல் கடைசியில் தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறது. நாள் முழுவதும் இன்சுலின் என்ற ஒரே புரதத்தைக் குவித்துத் தயாரிக்கும் பீட்டா செல்லுக்கு இது பலவீனமான இடம்.

எலியில் கண்டதை மனிதனுக்கு அப்படியே பொருத்த முடியவில்லை. மனிதத் திட்டுகளுக்கு இன்டர்லூக்கின்-1 மட்டும் போதாது. இன்டர்ஃபெரான்-காமா போன்ற வேறு அழற்சிப் பொருள்களும் சேர்ந்தால்தான் மூன்றாவது நொதி உருவாகிறது. அப்படி உருவானபின் அதைத் தடுத்தும் மனிதச் செல்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அழற்சி மனித பீட்டா செல்லைக் கொல்ல நைட்ரிக் ஆக்சைடு ஒரு வழி; ஒரே வழி இல்லை. சிகிச்சை முயற்சிகளின் விடைகளும் கலவையாகவே வந்தன. இன்டர்லூக்கின்-1-ஐத் தடுக்கும் அனகின்ரா ஊசியை இரண்டாம் வகை நோயாளிகள் 70 பேரை வைத்து 13 வாரம் சோதித்து 2007-இல் வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்களுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை குறைந்தது, பீட்டா செல்களின் சுரப்பும் மேம்பட்டது. புதிதாக முதல் வகை நோய் கண்டவர்களிடம் அதே அணுகுமுறை 2013-இல் வெளியான சோதனைகளில் பலன் தரவில்லை. இரண்டாம் வகை நோயிலும் நைட்ரிக் ஆக்சைடுக்குப் பங்கு இருக்கக்கூடும் என்பதற்குச் சான்றுகள் உண்டு: பரம்பரையாகச் சர்க்கரை நோய் வரும் கோட்டோ–ககிசாகி எலிகளின் திட்டுகளில் மூன்றாவது வகை நொதியும் அளவுமீறிய நைட்ரிக் ஆக்சைடும் இருந்ததை லுண்ட் ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள்.

உறவு மறுதிசையிலும் ஓடுகிறது. இன்சுலின் ரத்த நாள உள்படலத்தில் பட்டதும் அங்குள்ள சிந்தேஸைத் தூண்டுகிறது, நாளங்கள் விரிகின்றன, தசைக்கு ரத்தமும் குளுக்கோஸும் கூடுதலாகப் போய்ச் சேர்கின்றன. இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத நிலையில் இந்த விரிவு குன்றுகிறது. உடல் பருமனும் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் ஒரே ஆளிடம் கூடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த அறிவு கடைக்கு வந்து சேர்ந்த விதம் கவலைக்குரியது. நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டும் என்று சொல்லி அர்ஜினின் பொடிகளும் பீட்ரூட் பொடிகளும் விற்கிறார்கள். பீட்ரூட்டிலும் கீரைகளிலும் நைட்ரேட் நிறைய இருப்பது உண்மை. வாயில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட் ஆக்குகின்றன. உடலுக்குள் அது நைட்ரிக் ஆக்சைடு ஆகிறது. உள்படல நொதி இல்லாத சுண்டெலிகளுக்கு நைட்ரேட் கொடுத்தபோது உடல் கொழுப்பும் சர்க்கரையும் சீரானதாக சுவீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 2010-இல் எழுதினார்கள். மனிதரிடம் அந்தப் பலன் தென்படவில்லை. இரண்டாம் வகை நோயாளிகளுக்கு இரண்டு வாரம் தினமும் 250 மில்லி பீட்ரூட் சாறு கொடுத்த பிரிட்டன் ஆய்வில், ரத்த அழுத்தமோ இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கும் தன்மையோ மேம்படவில்லை. பியூர்ட்டோ ரிக்கோவில் உடல் எடை கூடியவர்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டியது: கிருமிநாசினி வாய்கொப்பளிப்பானை நாளுக்கு இருமுறையோ அதற்கு மேலோ பயன்படுத்தியவர்களுக்குச் சர்க்கரை நோயோ அதன் முந்தைய நிலையோ வரும் வாய்ப்பு சுமார் 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. வாயின் பாக்டீரியாக்கள் அழிவது காரணமாக இருக்கலாம். ஆனால் இது கவனித்துக் கணக்கிட்ட ஆய்வு, காரணத்தை நிரூபித்த சோதனை இல்லை.

அர்ஜினினைப் பொறுத்தவரை சான்று இன்னும் தெளிவானது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 144 பேருக்கு இத்தாலியில் 18 மாதம் நடந்த சோதனையில், தினமும் 6.4 கிராம் அர்ஜினின் பெற்ற குழுவில் சர்க்கரை அளவு இயல்புக்குத் திரும்பியவர்கள் கூடினார்கள். நோய்க்குள் விழுந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. மாரடைப்பு வந்து மீண்ட 153 பேரிடம் அமெரிக்காவில் செய்த சோதனையில் அர்ஜினின் பெற்றவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். போலி மருந்து பெற்ற குழுவில் ஒருவரும் இறக்கவில்லை. சோதனைக்கு மேற்கொண்டு ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. மாரடைப்புக்குப் பின் அர்ஜினின் கொடுக்கக் கூடாது என்று 2006-இல் அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். சர்க்கரை நோயாளிகளில் இதய நோயும் சேர்ந்திருப்பவர்கள் ஏராளம் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பொடிகளை வாங்கிக் கலக்கிக் குடிப்பது ஆபத்தானது.